ஒரு வலை, இரண்டு அடுப்பு

அத்தியாயம் 9

"அக்கா, தீப்பெட்டி!"

பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள் ஸ்பேனர்.

"பிடி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கூடவே தீப்பெட்டியும் பலகைக்கு மேலே பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது.

"தண்ணி தீர்ந்துபோச்சுடி. பாத்திரத்தைத் தூக்கிப் போடட்டுமா?"

"வேண்டாம்கா, மண்டை உடையும். சுத்தி வாங்க."

குழாய் இந்தப் பக்கம், ஜன்னல் அந்தப் பக்கம். சமையலறையின் குறுக்கே பிளைவுட் பலகை அடித்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மூத்தவள் வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக வர வேண்டும். காற்று வேண்டுமென்றால் இளையவள் அதே வழியில் எதிர்த்திசையில் போக வேண்டும். நடுவழியில் சந்தித்துக்கொண்டால் இருவரும் நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் பால் பொங்கி வழியும், அந்தப் பக்கம் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும்.

சண்டை போட்டுப் பிரிந்த குடும்பம் இது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரே ஒருவர் நம்பினால் போதும். மீன்வளத் துறையிலிருந்து வந்திருக்கும் பர்மிட் மேடம். அவர் இன்று மத்தியானம் வீடு பார்க்க வருகிறார்.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் மீன் குறைந்துகொண்டே வருகிறது, படகுகளோ கூடிக்கொண்டே போகின்றன. இப்படியே விட்டால் வலையில் தண்ணீர் மட்டும்தான் வரும் என்று துறைமுகத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார் மேடம். இந்தப் பருவத்திலிருந்து ஒரு குடும்பத்துக்கு ஒரு பர்மிட்தான், பர்மிட் இல்லாத படகு கரையேற வேண்டியதுதான் என்றார். கூட்டமே கொதித்தது. ஒருவர் மட்டும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "சரியான பேச்சு!" என்று சத்தம் போட்டார். அவர்தான் நம் பெரியவர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் குடும்பத்தில் படகு இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று தம்பி சின்னவனுடையது.

"ஒரே அடுப்புல சாப்பிடறவங்க ஒரே குடும்பம்னுதானே அந்தம்மா சொன்னாங்க? அடுப்பை ரெண்டாக்கிட்டாப் போச்சு!" என்று வழி கண்டுபிடித்தது பெரியவரின் மனைவி. மறுநாளே பலகை வந்து இறங்கியது.

அவளுக்குத் தொழில் மீன் ஏலம் விடுவது. ஏலக் கூடத்தில் அவள் விலை கூவினால் பக்கத்துத் தெருவில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். ஏலம் விடும் அக்கா நாளாவட்டத்தில் ஏலக்கா ஆகிவிட்டாள். வீட்டிலும் அதே பெயர்தான், அதே சத்தம்தான்.

இளையவள் படகுப் பட்டறையில் எஞ்சின் மெக்கானிக். சின்னவனின் படகு நடுக்கடலில் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்தபோது, எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி ஓட வைத்தவள் அவள்தான். படகை மீட்கப் போனவன் மெக்கானிக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். செல்லமாக ஸ்பேனர் என்று கூப்பிட ஆரம்பித்தவனும் அவனே.

எந்த எஞ்சினும் அவள் பேச்சைக் கேட்கும். அடுப்பு மட்டும் கேட்காது.

இந்த ஒரு வாரத்தில் அவள் வேக வைத்த உருளைக்கிழங்கைக் கொண்டு சுவரில் போஸ்டர் ஒட்டலாம். அவள் பொரித்த முட்டையைப் பார்த்துவிட்டு, "இது எந்த எஞ்சினோட வாஷர்?" என்று சின்னவன் கேட்டே விட்டான். கேட்டானே தவிர, தண்ணீரை ஊற்றி ஊற்றி முழுவதையும் விழுங்கிவிட்டுத்தான் எழுந்தான். நல்ல புருஷன்.

ஆனாலும் ஸ்பேனருக்கு அந்த அடுப்பைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் சமையலறை ஏலக்காவின் ராஜ்ஜியம். கரண்டியைத் தொட்டால் போதும், "நீ போய் எஞ்சினைப் பாரும்மா, இதை நான் பார்த்துக்கறேன்" என்று பிடுங்கி வைத்துவிடுவாள். அன்பாகத்தான் சொல்வாள். அதனால்தான் பதில் சொல்ல முடியாது. இப்போது இந்த அரை சமையலறையில் நினைத்த நேரத்தில் டீ போடலாம். தீய்த்தால் தீய்த்தது. பாதி ராத்திரியில் வெங்காயம் நறுக்கினாலும் கேட்க ஆளில்லை.

பர்மிட் கிடைத்ததும் பலகையை எடுத்துவிடுவோம் என்பதுதான் வீட்டில் பேச்சு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஸ்பேனர் வேறு எங்கேயாவது பார்ப்பாள். இப்படி ஆசைப்படுவது தப்போ என்று அவளுக்கே குற்ற உணர்வு.

* * *

படகுகள் திரும்பும் நேரத்தில் இருவரும் துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். ஏலக்கா ஏலக் கூடத்துக்குப் போனாள், ஸ்பேனர் பட்டறைக்குப் போனாள்.

பட்டறையை ஒட்டிய சரிவில் போன வருஷம் கரையேற்றிய ஒரு பழைய படகு நின்றது. வெயிலில் பெயின்ட் உரிந்து, பலகைக்குப் பலகை வெடிப்பு விட்டிருந்தது. அதன் எஞ்சினைக் கழற்றியதே ஸ்பேனர்தான். ஓடாத படகை விலைக்குக் கேட்பவர்கள் முதலில் எஞ்சினைத்தான் கேட்பார்கள், பிறகு இரும்பை, கடைசியில் விறகை. சின்னவனின் படகுக்கு அந்த கதி வந்தால் எஞ்சினைக் கழற்றவும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்ததும் அவள் அந்தப் படகுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் படகு இரண்டும் அருகருகே வந்து சேர்ந்தன.

இந்தத் துறைமுகத்தில் ஒரே வலையை இரண்டு படகில் கட்டி இழுப்பவர்கள் இவர்கள் மட்டும்தான். வலையின் ஒரு முனை பெரியவர் படகில், மறு முனை சின்னவன் படகில். இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்தினாலும் வலை கோணிக்கொள்ளும், மீன் நழுவிவிடும். பெரியவர் கையைத் தூக்கினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். அந்தக் கையைப் பார்த்தே படகோட்டிப் பழகியவன் சின்னவன்.

அண்ணனும் தம்பியும் ஈர வலையைச் சுருட்டி, ஆளுக்கொரு பக்கம் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்தபடி கரையேறினார்கள்.

அங்கே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு நின்றிருந்தார் பர்மிட் மேடம்.

பெரியவர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாரம் முழுவதும் ஒரு தோளில் இறங்கியதில் சின்னவன் வலையோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, என்னாச்சு?"

"யாருடா உனக்கு அண்ணன்?" என்றார் பெரியவர், மேடத்துக்குக் கேட்கும்படியாக.

மேடம் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். கீழே கிடந்த வலையை நிதானமாகப் பார்த்தார். பெட்டியில் கிடந்த மீனில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரல் நீளம் கூட இல்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போட்டுவிட்டு நடந்தார்.

"போச்சு! பார்த்துட்டாங்க!" என்று ஓடி வந்தாள் ஸ்பேனர்.

"எதைப் பார்த்தாங்க?" என்றான் சின்னவன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"நீங்க ரெண்டு பேரும் இளிச்சதைத்தான்! இதுல மாமாவோட நடிப்பு வேற. மாமா, சண்டைக்காரங்க கூட இவ்வளவு சண்டை போட மாட்டாங்க."

பெரியவர் அசடு வழிந்தார். "மத்தியானம் பாரு. பிரமாதமா பண்ணிடறேன்."

* * *

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதலில் அந்தப் பக்கம் போய் ஏலக்காவின் அடுப்பைப் பார்த்தார், பிறகு இந்தப் பக்கம் வந்து ஸ்பேனரின் அடுப்பைப் பார்த்தார்.

"இதுல சமைக்கறீங்களா?"

"தினமும்," என்றாள் ஸ்பேனர்.

மேடம் அடிப்பிடித்துக் கறுத்துப்போன பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, நம்பிக்கை வந்தவர் போலத் தலையாட்டினார்.

"உட்காருங்க மேடம், டீ போடறேன்." தண்ணீர் கொதித்தது. தூளைப் போட்டாள், பாலை ஊற்றினாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கைப்பழக்கம்தான் காலை வாரிவிட்டது.

"அக்கா, சர்க்கரை!"

பலகைக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை தோன்றியது. கையில் சர்க்கரை டப்பா.

ஒரு கணம் அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மேடம் அதை அண்ணாந்து பார்த்தார். சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாருங்க மேடம்!" என்று பலகைக்கு அந்தப் பக்கம் இடி இடித்தது. "தினம் இப்படித்தான்! என் டப்பாவை எடுத்துக்கறா, கேட்டா சண்டைக்கு வர்றா! இந்தா, இதையும் பிடுங்கிட்டுப் போயிடு!" டப்பா இறங்கி வந்து ஸ்பேனரின் கையில் பத்திரமாக உட்கார்ந்தது.

மேடம் டீயை வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்த அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

"எதுக்குப் பிரிஞ்சீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நேற்றே ஏலக்கா வசனம் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இவன் என் பேச்சைக் கேட்கறதே இல்லை மேடம். தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்ங்கறான்."

இப்போது சின்னவனின் முறை. அவனுக்கு வசனம் மறந்துவிட்டது.  பிறகு தானாக ஒன்று வந்தது.

"இவர் என்னை எதையுமே கேட்கறதில்லை."

"என்னடா கேட்கலை?" என்றார் பெரியவர், இன்னும் நாடகக் குரலிலேயே.

"கூட்டத்துல ரெண்டு கையையும் தூக்கினீங்களே. பக்கத்துல நான்தானே உட்கார்ந்திருந்தேன்? என்னைக் கேட்டீங்களா?"

பெரியவரின் குரல் மாறியது. "அதுல கேட்க என்ன இருக்கு? நீயும்தானே பார்க்கறே? இன்னைக்கு வலையில வந்தது மீனா? குஞ்சுடா! எல்லாரும் போட்டி போட்டு அள்ளினா கடல் என்ன பண்ணும்? யாராவது ஒருத்தன் கை தூக்கித்தானே ஆகணும்!"

"தூக்கினது தப்புன்னு சொல்லலை அண்ணே."

"பின்ன என்ன?"

"நானும் தூக்கியிருப்பேன். நீங்க கேட்டிருந்தா."

சின்னவன் அதோடு நிறுத்தவில்லை.  

"எப்பக் கிளம்பணும், எந்தப் பக்கம் போகணும், எப்பத் திரும்பணும், எல்லாம் நீங்கதான். எனக்குத் தனிப் படகு வாங்கிக் குடுத்தீங்க, வாஸ்தவம். ஆனா அதுல உட்கார்ந்துட்டு உங்க கையைத்தான் பார்த்துட்டிருக்கேன். என் படகு கரையேறப் போகுதுன்னு நீங்க ஊருக்கு முன்னாடி கை தூக்கறீங்க. அது எனக்கே அங்கேதான் தெரியுது."

சொல்லி முடித்ததும் அவனுக்கே பயமாகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஸ்பேனர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு கிடந்ததா? எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று எஞ்சினைப் பார்த்ததும் சொல்லிவிடுகிற தனக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

மேடம் டீயை ஒரு வாய் குடித்தார். உள்ளே போன டீ என்ன செய்ததோ, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, அடுப்பு ரெண்டு. படகு ரெண்டு. வலை யாரோடது?"

 அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"ஒரே வலைதான்," என்றான் சின்னவன்.

"காலையிலேயே பார்த்தேன். அதனாலதான் கேட்கறேன். ஒரே வலை வச்சுக்கிட்டு எதுக்கு ரெண்டு பர்மிட்?"

"படகு ரெண்டு இருக்கே மேடம்," என்றார் பெரியவர்.

"பர்மிட் படகுக்கு இல்லைங்க. வலைக்கு. மீனைப் பிடிக்கறது வலைதானே? ஒரு குடும்பத்துக்கு ஒரு பர்மிட், ஒரு பர்மிட்டுக்கு ஒரு வலை. அந்த வலையை எத்தனை படகு இழுத்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. கூட்டத்துலயே சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க எழுந்து நின்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தீங்களே, அப்ப."

மற்ற வீடுகளில் ஒரு படகுக்கு ஒரு வலை. படகுக்கு பர்மிட் என்றாலும் வலைக்கு பர்மிட் என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அதனால் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை, விளக்கம் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே குடும்பம், ஒரு வாரமாகப் பலகை அடித்துச் சண்டை பழகிக்கொண்டிருந்தது.

"ஒரே குடும்பமா இருந்திருந்தா ஒரு பர்மிட்ல ரெண்டு படகும் போயிருக்கலாம்," என்றார் மேடம். "பிரிஞ்சுட்டீங்களே. இப்ப ஆளுக்கொரு வலை வேணும். ஒரு வலையைப் பாதியா வெட்டினா எடுத்துக்க மாட்டோம்."

அவ்வளவுதான். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஏலக்கா வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றி, பின்கதவு வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பிரியலை மேடம்! சத்தியமா பிரியலை! எல்லாம் நடிப்பு!"

"நடிப்பா?"

"ஆமாம் மேடம், நான்தான் வசனமே சொல்லிக் குடுத்தேன்!"

"நல்லா இருந்துச்சு," என்றார் மேடம். "கடைசிப் பகுதி மட்டும் நடிப்பு மாதிரி தெரியலையே."

நால்வரும் திருதிருவென்று விழித்தார்கள்.

மேடம் முகத்தில் இருந்த சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார். "பொய் சொல்லி பர்மிட் கேட்டா ரெண்டு படகையும் கரையேத்த எனக்கு அதிகாரம் இருக்கு, தெரியுமா? நான் இன்னும் எதையும் எழுதலை. நாளைக் காலையில திரும்ப வருவேன். வீட்டுல ஒரே அடுப்புதான் இருக்கணும். அதுல சமைச்சதை நீங்க நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறதை நான் பார்க்கணும். பார்த்துட்டா பர்மிட்."

"பண்டிகை மாதிரி பண்ணிடறோம் மேடம்!" என்றாள் ஏலக்கா.

"இன்னொண்ணு. பர்மிட்ல ஒரு பேர்தான் இருக்கும். கடல்ல எது நடந்தாலும் அவர்தான் பொறுப்பு, அவர் சொல்றதுதான் முடிவு. யார் பேர் போடறது?"

பெரியவர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷப் பழக்கம், தன் பெயர் தானாக நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டார்.  பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நீ சொல்லுடா. யார் பேர் போடலாம்?"

அண்ணன் கேட்டுவிட்டார். கேட்டால் தம்பி என்ன சொல்வான்? 'உங்க பேரே இருக்கட்டும் அண்ணே' என்பான், கண் கலங்கும், கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர் அப்படித்தான் நினைத்திருப்பார். ஏலக்கா முந்தானையைக் கூட எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என் பேர் போடுங்க மேடம்," என்றான் சின்னவன்.

ஸ்பேனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். தனக்கு வேண்டும் என்று அவன் வாய்விட்டுக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

பெரியவர் தலையை ஒரு தடவை ஆட்டினார், இன்னொரு தடவையும் ஆட்டினார். "எழுதிக்கோங்க மேடம்," என்றார். 

மேடம் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். பெரியவர்தான் முதலில் எழுந்தார். வாசல் வரை போய்க் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். அப்படியே திரும்பாமல் கேட்டார்.

"நாளைக்கு எப்பக் கிளம்பறோம், தலைவரே?"

கேலியாகக் கேட்டாரா, மனசாரக் கேட்டாரா? முதுகை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சின்னவன், "நீங்களே..." என்று ஆரம்பித்தான். ஸ்பேனர் அவன் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மேடம் வந்து பார்த்த பிறகு," என்றான் அவன். "விடிஞ்ச பிறகு."

"விடிஞ்ச பிறகா? மீனெல்லாம் குளிச்சு முடிச்சு வேலைக்குப் போயிருக்குமேடா!" என்று பாய்ந்தார் பெரியவர். பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குப் பின்னால் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. விடிஞ்ச பிறகு."

அதற்கப்புறம்தான் சின்னவன் மூச்சே விட்டான்.

* * *

சாயங்காலம் பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் ஸ்பேனரிடம்தான் இருந்தது, ஆகவே வேலையும் அவளுக்குத்தான் வந்தது.

ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். கழற்றக் கழற்ற மனசு கனத்தது. புருஷன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவிட்டான். அவன் படகு பிழைத்துவிடும். அதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் வேண்டியிருந்தது. இந்த அரை சமையலறை வேண்டியிருந்தது. கறுத்துப்போன அந்தப் பாத்திரம் வேண்டியிருந்தது.

பலகை சாய்ந்தது. அண்ணனும் தம்பியும் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். ஜன்னல் காற்று இந்தப் பக்கம் வரை வந்தது. இரண்டு அடுப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எதை எடுக்கறது?" என்றான் சின்னவன்.

கேள்வியே தேவையில்லை என்பது போலப் பெரியவர் இளையவளின் அடுப்பைத் தூக்கக் குனிந்தார்.

"மாமா, இருங்க!"

அவர் குனிந்தபடியே நின்றார். ஸ்பேனருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. என் அடுப்பு இருக்கட்டும்."

 ஏலக் கூடத்தையே கிடுகிடுக்க வைக்கிறவள் வாயைத் திறக்காமல் நின்றாள். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. போச்சு, அக்காவின் மனசை உடைத்துவிட்டோம் என்று ஸ்பேனர் பதறிப்போனாள்.

"அக்கா, நான் சும்மாதான் சொன்னேன்..."

"அடிப்பாவி!" என்றாள் ஏலக்கா. "இதை இத்தனை நாளா மனசுலயே வச்சிருந்தியா? நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்குப் பிடிச்ச கரண்டிடி! கையே கழண்டுபோகுது. யாராவது வாங்கிக்க மாட்டாங்களான்னு பார்த்துட்டே இருக்கேன். நீ கேட்கவே இல்லை!"

"நீங்க குடுக்கவே இல்லையேக்கா!"

"எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு வர்ற பொண்ணுக்கு இது வேறயான்னு நினைச்சேன். ஆசைன்னு யாருக்குத் தெரியும்?" ஏலக்கா ஸ்பேனரை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு நேராகப் போய்த் தன் அடுப்பின் சிலிண்டரை மூடினாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"அப்ப நாளைக்குக் காலையில நாலு பேருக்கும் இவதான் சமைக்கறா!"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக் காலை. மேடம் எதிரே உட்கார்ந்திருப்பார். நாலு பேரும் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால்தான் பர்மிட்.

"டேய்," என்றார் பெரியவர் தம்பியின் காதோரம். "நீதானே இப்ப தலைவர். ஏதாவது சொல்லேன்."

"சமையல் எனக்குக் கீழ வராதே அண்ணே," என்றான் சின்னவன் மெதுவாக.

ஏலக்காவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலக் கூடத்தில் நிற்பது போலவே கையை உயர்த்தினாள்.

"இந்த வீட்டு அடுப்பு சின்னவளுக்கு! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். பெரியவர் கும்பிடுவது போலக் கையை வைத்துக்கொண்டு இளையவளைப் பார்த்தார். இப்போதும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எல்லோருக்கும் நல்லது. படகுக்கும் நல்லது.

ஸ்பேனர் தன் அடுப்பைப் பார்த்தாள். கறுத்த பாத்திரத்தைப் பார்த்தாள். நாளைக்கு என்ன சமைப்பது என்று அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. உருளைக்கிழங்கு வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தது.

"மூணு தரம் சொல்லுங்கக்கா," என்றாள்.